ஏரியின் நிறத்தைப் படிக்கும் காமிராக்கள்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கிச் செல்லும்போது, சாலைக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது. அதைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை அடைந்து, அங்கிருந்து ஒரகடம் பக்கம் திரும்பினால் சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகள். கார், லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, செல்போன் என்று இங்கே உருவாகாத பொருளே இல்லை எனலாம். ஷிப்டு முடிந்து தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இந்தத் தொழிற்சாலைகளுக்கு நடுவே பழைய ஏரிகளும் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, ஒரகடம் ஏரி என்று எத்தனையோ!

மாணவ நண்பர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ஊர் ஏரியின் நீர் இன்று என்ன நிறம்?

"இது என்ன கேள்வி, தண்ணீருக்கு ஏது நிறம்?" என்று சிலர் கேட்பீர்கள். வேறு சிலர் மழைக்காலத்தில் செம்மண் நிறம், கோடையில் பச்சை நிறம் என்று சரியாகவே சொல்வீர்கள். அந்தப் பச்சை நிறம் எதனால் வருகிறது? அது எப்போது ஆபத்தாகிறது? அதை ஆபத்தாகும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா? இன்று விண்வெளியிலிருந்தும், கடலுக்குள்ளிருந்தும் காமிராக்கள் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுகின்றன. அவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைக் காண்போம்.

மிதந்து வாழும் கூட்டம்

ஏரி, குளம், கடல் எதுவாயினும், அதன் நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. நீரோட்டத்தை எதிர்த்து நீந்திச் செல்லும் வலிமை இவற்றுக்கு இல்லை. நீர் போகும் பக்கம் தாமும் மிதந்து போகும். ஆகவே இவற்றை மிதவை உயிரிகள் அல்லது பிளாங்டன் என்கிறோம். இவற்றுள் தாவர வகையும் உண்டு, விலங்கு வகையும் உண்டு. தாவர மிதவை உயிரிகளிடம் பச்சையம் இருக்கிறது. வயலில் நிற்கும் நெற்பயிரைப் போலவே அவையும் சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பிராணவாயுவை வெளிவிடுகின்றன. உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில் மிதக்கும் இந்த நுண்ணுயிர்களாலேயே நடைபெறுகிறது. நீங்கள் மூச்சை இழுக்கும்போது இவற்றுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும்!

அப்படியானால் இவற்றைக் கண்டு அஞ்சுவானேன்? அளவு மீறுவதுதான் காரணம். சாக்கடை நீரும், வயலிலிருந்து வழியும் உர நீரும் ஏரியில் கலந்தால் நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரில் மிகுகின்றன. பயிருக்கு உரமாவது பாசிக்கும் உரந்தானே! வெயிலும் அசையாத நீரும் சேர்ந்துகொண்டால் பாசி கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. இதனைப் பாசிப் பெருக்கம் என்கிறோம்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு துளி நீரில் ஒரே ஒரு பாசிச் செல் இருக்கிறது. அது நாளொன்றுக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகிறது என்று கொள்வோம். அடுத்த நாள் 2, அதற்கடுத்த நாள் 4. இப்படியே போனால் 20-ஆம் நாள் 10,48,576 செல்கள் இருக்கும். அன்று ஏரி பச்சைப் பசேலென்று மாறிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதல் நாள் பாசியின் அளவு என்ன? சரியாகப் பாதி. ஏழு நாள்களுக்கு முன்பு? 128-இல் ஒரு பங்கு. அதாவது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுகூட இல்லை. நீரைப் பார்ப்பவர்கள் அன்று எந்த மாற்றத்தையும் கண்டிருக்க மாட்டார்கள். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

பெருக்கம் விளைவித்த கேடுகள்

1981-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வயலூர் என்னும் ஊரில் மட்டிகளைச் சமைத்து உண்டவர்களில் 3 பேர் இறந்தார்கள். 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 1997-ஆம் ஆண்டு கேரளத்தில் விழிஞ்ஞம் என்னும் கடற்கரை ஊரில் சிப்பி உண்டவர்களில் 7 பேர் இறந்தார்கள். 500-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குச் சென்றார்கள். மட்டியும் சிப்பியும் நீரை வடிகட்டி, அதிலுள்ள மிதவை உயிரிகளை உண்டு வாழ்பவை. அந்த மிதவை உயிரிகளில் சில வகைகள் நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. நஞ்சு சிப்பியின் உடலில் சேர்ந்துகொள்கிறது. சிப்பிக்கு எதுவும் ஆவதில்லை. உண்ணும் மனிதருக்கோ உதடு மரத்துப்போய், கை கால் தளர்ந்து, கடைசியில் மூச்சே நின்றுவிடும். சமைப்பதால் இந்த நஞ்சு அழிவதில்லை.

நஞ்சு இல்லாத வகையும் கேடு செய்யக்கூடும். 2019 ஆகஸ்ட் மாதம் ஓர் இரவில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீல நிறமாக ஒளிவிட்டதைப் பார்த்து மக்கள் வியந்தார்கள். ஒளி தந்தது நாக்டிலூக்கா என்னும் மிதவை உயிரி. அடுத்த சில வாரங்களில் மன்னார் வளைகுடாவில் இதே உயிரி பெருகிக் கடல்நீரைப் பச்சையாக்கியது. மண்டபம், பாம்பன் பகுதி மீனவர்கள் இதனைப் 'பூங்கோரை' என்பார்கள். நாக்டிலூக்காக்கள் கூட்டமாக இறந்து அழுகியபோது நீரில் கரைந்திருந்த பிராணவாயு குறைந்துகொண்டே போயிற்று. மண்டபத்தை அடுத்த சிங்கில் தீவருகே அது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது என்றும், வேகமாக வளரும் பவள வகைகள் பெருமளவில் மடிந்தன என்றும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் கண்டறிந்தார்கள். கடற்கரையில் கண்டு களித்த அதே ஒளிவிளக்குதான் கடலுக்கடியில் பவளங்களுக்கு எமனாயிற்று.

இவையெல்லாம் கடல் செய்திகள். நம்முடைய ஏரிகளைப் போன்ற நன்னீரிலும் இது நடக்குமா? நடக்கும். 2014 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் டொலிடோ நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் சுமார் 4 லட்சம் பேருக்கு, "குழாய் நீரைக் குடிக்காதீர்கள்" என்று திடீரென அறிவிக்கப்பட்டது. அந்நகரத்துக்கு நீர் தருவது ஈரி ஏரி. அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி பெருகி, கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு குடிநீரில் கலந்துவிட்டது. "கொதிக்கவைத்துக் குடித்தால் போயிற்று" என்று நினைக்கிறீர்களா? கொதிக்கவைத்தால் இந்த நஞ்சு அழிவதில்லை. ஒரு லிட்டர் குடிநீரில் இது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறன் கொண்ட நிலையம் இருக்கிறது. அந்த நீர் சென்னை மக்களின் வீடுகளுக்குச் செல்கிறது. டொலிடோவில் நடந்தது இங்கே நடந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நடக்குமானால் அதை ஒரு வாரம் முன்னதாக எப்படி அறிவது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ராமன் பார்த்த கடல்

நீரின் நிறத்தைக் கொண்டு நீரை ஆராயும் வழிக்கு நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. 1921-ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்று நார்க்குண்டா என்ற கப்பலில் திரும்பிய சர் சி. வி. ராமன், கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு சிந்தித்தார். வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிப்பதே இதற்குக் காரணம் என்று அக்காலத்தில் கருதிவந்தார்கள். ராமன் தம்மிடமிருந்த நிக்கோல் பட்டகத்தின் வழியாகக் கடலைப் பார்த்தார். நீரின் மேற்பரப்பில் பட்டுப் பிரதிபலித்து வரும் ஒளியைக் குறிப்பிட்ட கோணத்தில் இந்தப் பட்டகம் தடுத்துவிடும். வானத்தின் பிரதிபலிப்பு மறைந்தது. ஆனால் நீலம் மறையவில்லை! ஆகவே அந்த நீலம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்று அவர் முடிவு செய்தார். நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. சிவப்பு ஒளியை நீர் உறிஞ்சியும் விடுகிறது. எஞ்சுவது நீலம் என்று இன்று நாம் அறிகிறோம்.

நீருக்குள் சென்று திரும்பி வரும் ஒளி அந்த நீரைப் பற்றிய செய்தியைச் சுமந்து வருகிறது. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியில் அந்தச் செய்தி இல்லை. ராமன் பட்டகத்தைக் கொண்டு பிரித்த இவ்விரண்டையும் இன்று துணைக்கோள் காமிராவும் கணிப்பொறியும் பிரிக்க வேண்டியிருக்கிறது. அதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. கடலுக்கு மேலே பறக்கும் துணைக்கோள் பெறும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்குவரை இடையிலுள்ள காற்றுமண்டலம் சிதறடித்து அனுப்பிய ஒளியாகவே இருக்கும். எஞ்சிய ஒரு பங்கில்தான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. சந்தை இரைச்சலில் ஒருவருடைய முணுமுணுப்பைக் கேட்பது போன்ற வேலை இது!

பச்சையத்தின் கையெழுத்து

அந்த முணுமுணுப்பில் பாசி என்ன சொல்கிறது? பச்சையம் 440 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளியையும், 675 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளியையும் நன்றாக உறிஞ்சுகிறது. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.) இடையிலுள்ள பச்சை ஒளியை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. எனவே நீரிலிருந்து வரும் ஒளியில் நீலம் குறைந்து பச்சை மிகுந்தால் அங்கே பச்சையம் மிகுதி என்று கணக்கிடலாம்.

நீலப்பச்சைப் பாசியிடம் பச்சையத்தோடு ஃபைகோசயனின் என்ற நிறமியும் உண்டு. அது 620 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சுகிறது. ஆகவே 620-இல் ஒரு பள்ளம் தெரிந்தால், "இங்கே இருப்பது நீலப்பச்சைப் பாசி" என்று ஐயுறலாம். இது கையெழுத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது போன்றது.

உங்கள் வீட்டுச் செல்போன் காமிராவால் இந்தக் கையெழுத்தைப் படிக்க முடியுமா? அந்தக் காமிராவின் ஒளியுணர் தகட்டில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றே வகை வடிகட்டிகள் இருக்கின்றன. அதற்கு 620-உம் சிவப்புதான், 675-உம் சிவப்புதான்! இரண்டையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகத் தந்துவிடும். துணைக்கோளில் உள்ள காமிராவோ வானவில்லைக் குறுகிய பல துண்டுகளாக நறுக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்கிறது.

கடலின் நிறத்தை அளப்பதற்கென்றே அமைந்த முதல் காமிரா 1978-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நிம்பஸ்-7 துணைக்கோளில் சென்றது. ஸ்ரீபெரும்புதூருக்கு வடக்கே சுமார் 90 கி.மீ. தொலைவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஓஷன்சாட் 1999 மே 26 அன்று புறப்பட்டது. அதன் காமிரா 8 அலைநீளத் துண்டுகளைப் பார்த்தது. 2022 நவம்பர் 26 அன்று ஏவப்பட்ட மூன்றாம் ஓஷன்சாட் 13 துண்டுகளைப் பார்க்கிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், துணைக்கோள் படங்களைக் கொண்டு பாசிப் பெருக்கத் தகவல் சேவை ஒன்றை நடத்துகிறது. வடகிழக்கு அரபிக்கடல், கேரளக் கடற்கரை, மன்னார் வளைகுடா, ஒடிசாவின் கோபால்பூர்க் கடற்பகுதி ஆகிய நான்கு இடங்கள் அதில் சிறப்பாகக் கவனிக்கப்படுகின்றன.

நம் ஏரிக்கு எத்தனை புள்ளிகள்?

கடலைப் பார்க்கும் இதே காமிராவை நம் ஏரிகள் பக்கம் திருப்பினால் என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

துணைக்கோள் படமும் செல்போன் படத்தைப் போலப் புள்ளிகளால் ஆனதே. ஓஷன்சாட் காமிராவின் ஒரு படப்புள்ளி தரையில் 360 மீட்டர் நீளமும் 360 மீட்டர் அகலமும் உள்ள சதுரத்தைக் குறிக்கும். அதாவது சுமார் 0.13 சதுர கி.மீ. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியிருக்கும்போது அதன் பரப்பு சுமார் 25 சதுர கி.மீ. வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 190 புள்ளிகள். பரவாயில்லை, ஒரு படம் தேறும்.

இனி ஒரு கி.மீ. நீளமும் அரை கி.மீ. அகலமும் உள்ள ஒரு கிராமத்து ஏரியை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கிடைப்பது 4 புள்ளிகளுக்கும் குறைவு. அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றிலும் கரையின் புல்லும் வயலும், ஏன், தொழிற்சாலையின் கூரையும்கூடக் கலந்திருக்கும். அவற்றின் ஒளி நீரின் மங்கிய ஒளியை அமுக்கிவிடும். கரையிலுள்ள புல்லைப் பார்த்துவிட்டு ஏரியில் பாசி என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"புள்ளியைச் சிறிதாக்கிவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 துணைக்கோள்கள் அப்படித்தான் செய்கின்றன. 2015-ஆம் ஆண்டிலிருந்து ஏவப்பட்ட இவை 10 மீட்டர் சதுரத்தைக்கூடத் தனிப் புள்ளியாகக் காட்டுகின்றன. நம் கிராமத்து ஏரிக்கு இப்போது 5,000 புள்ளிகள்! ஆனால் சிறிய புள்ளியை வேண்டுவோர் அதற்கு விலையாக ஒளியை இழக்க வேண்டும். 360 மீட்டர் சதுரத்தின் பரப்பு 1,29,600 சதுர மீட்டர். 10 மீட்டர் சதுரத்தின் பரப்பு 100 சதுர மீட்டர். ஒரே மாதிரிக் காமிராவாக இருந்தால் சிறிய சதுரத்திலிருந்து வரும் ஒளி 1,296-இல் ஒரு பங்குதான். துணைக்கோளோ விநாடிக்கு ஏழு கி.மீ. அளவு தரையைக் கடந்து பறக்கிறது. 10 மீட்டர் சதுரத்தை அது கடக்க ஒரு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரம்கூட ஆவதில்லை. நீரோ இயல்பிலேயே இருண்டது. விழும் ஒளியில் மிகச் சிறு பங்கையே திருப்பி அனுப்பும்.

ஒளிக்கு இப்படிப் பஞ்சம் இருக்கும்போது வானவில்லை மெல்லிய துண்டுகளாகவும் நறுக்க முடியுமா? முடியாது. ஆகவே சென்டினல்-2 அகலமான துண்டுகளையே பெரும்பாலும் பயன்படுத்துகிறது. பாசியை அறிய உதவும் 705 நானோமீட்டர்த் துண்டு அதில் உண்டு. அதன் புள்ளி 20 மீட்டர். நீலப்பச்சைப் பாசியைக் காட்டும் 620 நானோமீட்டர்த் துண்டு அதில் இல்லை. அந்தத் துண்டு சென்டினல்-3 என்ற இன்னொரு வரிசையில் இருக்கிறது. ஆனால் அதன் புள்ளி 300 மீட்டர்! இடத்தை நுணுக்கமாகப் பார்க்கும் கண்ணுக்கு நிறம் நுணுக்கமாகத் தெரிவதில்லை. நிறத்தை நுணுக்கமாகப் பார்க்கும் கண்ணுக்கு இடம் நுணுக்கமாகத் தெரிவதில்லை.

இன்னும் இரண்டு தடைகளைச் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாள்கணக்கில் மேகம் மூடிக்கொண்டால் இந்தக் காமிராக்களுக்கு ஏரியே தெரியாது. மேலும் நம் ஏரிகளில் ஆகாயத்தாமரை ஏராளம். அதுவும் பச்சைதான். நல்லவேளையாக, நீர்மேல் விரிந்த அதன் இலைகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகப் பிரதிபலிக்கின்றன. நீரோ அதைப் பெரிதும் விழுங்கிவிடுகிறது. அதைக்கொண்டு இலை எது, பச்சை நீர் எது என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

எந்தப் பாசி?

முதலில் போட்ட இரட்டிப்புக் கணக்கை இப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். துணைக்கோளுக்கு நீரின் நிறம் மாறினால்தான் தெரியும். நிறம் மாறும் நாளில் பாசி பெருகி முடிந்திருக்கும். ஒரு வாரம் முன்னதாக அறிய வேண்டுமானால், நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத நிலையில் அந்தப் பாசியை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு நுண்ணோக்கி வேண்டும். நீரை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவது நெடுங்காலமாக நடந்துவரும் வேலைதான். ஆனால் பயிற்சி பெற்றவர் ஒரு மாதிரியை எண்ணி முடிக்கவே பல மணி நேரம் ஆகலாம்.

இந்த வேலையை நீருக்குள்ளேயே இருந்து செய்யும் கருவி ஒன்றை அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஓல்சன், ஹெய்டி சோசிக் என்ற இரு விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். அது வேலை செய்யும் விதம் சுவையானது. கருவி 5 மில்லிலிட்டர் கடல்நீரை உறிஞ்சி, மெல்லிய தாரையாக ஒரு குழாய் வழியே ஓடவிடுகிறது. மிதவை உயிரிகள் வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வழியில் ஒரு லேசர்க் கதிர் காத்திருக்கிறது. கதிர் பட்டதும் பச்சையம் சிவப்பாக ஒளிர்கிறது. அந்தச் சிவப்பு ஒளியே அடையாளம்! உடனே மின்வெட்டு விளக்கு ஒன்று கண்ணிமைப்பதற்குள் பளிச்சிட, காமிரா படம் எடுத்துக்கொள்கிறது. மண் துகளில் பச்சையம் இல்லாததால் அதைப் படமெடுத்து நேரத்தை வீணாக்குவதில்லை. ஒரு மாதிரிக்கு சுமார் 20 நிமிடம். சேரும் ஆயிரக்கணக்கான படங்களை, முன்பே பெயர் தெரிந்த படங்களோடு ஒப்பிட்டு, இது இன்ன வகை என்று கணிப்பொறி பிரித்து வைக்கிறது.

2008-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் போர்ட் அரான்சஸ் என்ற இடத்தில் இப்படி ஒரு கருவி வேலை செய்துகொண்டிருந்தது. டைனோபைசிஸ் என்ற மிதவை உயிரி அதன் படங்களில் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. சிப்பி உண்பவர்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் வகை அது. அப்பகுதியில் சிப்பித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த நேரம். எச்சரிக்கை கிடைத்ததும் சிப்பி அறுவடை நிறுத்தப்பட்டது. விற்பனைக்குச் சென்றவையும் திரும்பப் பெறப்பட்டன. ஒருவரும் நோயுற்றதாகப் பதிவாகவில்லை. வயலூரையும் விழிஞ்ஞத்தையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மனிதர்கள் நோயுற்ற பிறகே கடலில் நஞ்சு இருப்பது தெரிந்தது. இங்கே நஞ்சு கரையேறும் முன்பே தெரிந்துவிட்டது.

ஆனால் இந்தக் கருவி பார்ப்பது ஓரிடத்து நீரை மட்டுமே. பத்து கி.மீ. தள்ளிப் பாசி பெருகினால் அதற்குத் தெரியாது. துணைக்கோள் பரந்து பார்க்கிறது, ஆனால் தாமதமாக. நுண்ணோக்கிக் காமிரா முன்கூட்டியே பார்க்கிறது, ஆனால் ஒரு துளியை மட்டும். நஞ்சு உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதை இரண்டாலும் சொல்ல முடியாது. அதற்கு நீரை எடுத்து இரசாயனச் சோதனை செய்தே தீர வேண்டும். ஆக, மூன்றும் கைகோத்தால்தான் எச்சரிக்கை முழுமை பெறும்.

நீங்களும் பார்க்கலாம்

மூன்றாவதாகச் சொன்ன சோதனை ஆய்வுக்கூடத்தின் வேலை. முதல் இரண்டின் தத்துவத்தை நீங்களே செய்து பார்க்கலாம்.

உயரமான இரண்டு கண்ணாடிக் குவளைகளை வெள்ளைக் காகிதத்தின் மேல் வையுங்கள். ஒன்றில் நல்ல நீரும், மற்றொன்றில் வீட்டுத் தொட்டியில் பச்சை பிடித்த நீரும் நிரப்புங்கள். இரண்டையும் மேலிருந்து முதலில் பச்சைக் கண்ணாடிக் காகிதம் வழியாகவும், பின்பு சிவப்புக் கண்ணாடிக் காகிதம் வழியாகவும் பாருங்கள். சிவப்பின் வழியே பார்க்கும்போது பாசி நீர் நல்ல நீரைவிட இருண்டு தெரியும். சிவப்பு ஒளியைப் பச்சையம் விழுங்கிவிட்டது அல்லவா? துணைக்கோள் காமிராவின் அடிப்படை இதுவே.

அடுத்து, பச்சை நீரில் ஒரு துளியைப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்து, செல்போன் காமிராவைக் கண்ணருகு லென்சின் மேல் பொருத்திப் படம் எடுங்கள். அந்தச் செல்போன் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலையிலேயே உருவானதாக இருக்கலாம்! துளியின் பக்கத்தில் ஒரு தலைமயிரையும் வையுங்கள். மயிரின் தடிப்பு ஏறத்தாழ 0.08 மி.மீ. என்று கொண்டு, படத்தில் தெரியும் பாசிகளின் அளவைக் கணக்கிடுங்கள். ஒரே அளவு துளியை வாரம் ஒருமுறை எடுத்து எண்ணினால், பாசி பெருகும் வேகமும் தெரிந்துவிடும்.

எச்சரிக்கை ஒன்று. ஏரியில் பச்சை வண்ணம் கொட்டியது போல ஆடை படர்ந்திருந்தால் அதைக் கையால் தொட வேண்டாம். ஆடு மாடுகளையும் அதைக் குடிக்க விட வேண்டாம். ஏரிக்குத் தனியே போகாதீர்கள். நீரில் இறங்காமல், கரையில் நின்றே பாருங்கள்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்தது. அந்தக் கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றிய காட்சியைத் துணைக்கோள் படங்களில் உலகமே பார்த்தது. ஏரியில் நீர் இருக்கிறதா என்று கேட்க அன்று நாம் கற்றுக்கொண்டோம். இருக்கும் நீர் எப்படிப்பட்டது என்று கேட்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். சில நாள்களுக்கு ஒருமுறை மேலே பறந்து செல்லும் துணைக்கோளால் உங்கள் ஊர்ச் சிற்றேரியை முழுமையாகக் கவனிக்க முடியாது என்பதைக் கணக்கிலேயே பார்த்தோம். அந்த இடைவெளியை நிரப்ப, ஏரிக்கரை வழியாகத் தினமும் பள்ளிக்குச் செல்லும் உங்களால் முடியும். ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், காற்று, நீரின் நிறம் ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். என்றோ ஒரு நாள் ஏரி திடீரென்று பச்சையாக மாறி, "இது எப்போது தொடங்கியது?" என்று அதிகாரிகள் கேட்கும்போது, அதற்கு முந்திய ஏழு நாள்களின் பக்கங்கள் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும்.